நீ வரைந்த வளைவு

போன வாரம் உன் அண்ணன் பிடோக்கிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். உன் வீட்டைக் காலி செய்கிறார்களாம். "உள்ள உன் பேரு எழுதியிருந்துச்சும்மா, அதான் தூக்கிப் போடல" என்றார். மூடியைத் திறந்ததும் தேவதாரு எண்ணெய் வாசனை அடித்தது. மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு விடுவோமே, அந்த எண்ணெய்தான். டின்னுக்குள் இருந்த உன் பச்சை அட்டை நோட்டில் பாதிப் பக்கம் அதில் ஊறிப்போயிருக்கிறது. நீ போய் நான்கு வருடம் ஆகிறது. நான் இருக்கும் செங்காங்கில் இந்தப் பதினோராவது மாடியில் உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. யாரிடம் நோட்டைக் காட்டுவது என்று தெரியாமல் மேசை மேல் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தின் கீழ்த்தள அறை ஒன்றில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அணுக்கருக்களை வேகமாக மோதவிடுவார்கள். அவை உடைந்து சிதறிய தடங்கள் பதிந்த தகடுகள் நமக்குப் பார்சலில் வரும். ஒவ்வொரு சிதறலிலும் தடித்த தடம் எத்தனை, மெல்லிய தடம் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று எண்ணி எழுதுவதுதான் நம் வேலை. ஏர்கான் குளிருக்கு நீ மாதா கோவிலில் தலைக்குப் போடும் முக்காட்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வாய். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று நான் கேலி செய்வேன். சாமிக்கும் குளிரும் என்பாய்.

எனக்கு அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. உனக்கு அப்படி இல்லை. உன்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், கொதிக்க ஆரம்பித்ததும் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதே இடத்தில் நிற்கும். அணுக்கருவும் அப்படி நிற்குமா? உடைந்து ஆவியாகிற நேரத்தில் அதற்கும் ஒரு கொதிநிலை உண்டா? கண்ணுக்கே தெரியாத ஒன்றில் எப்படிச் சூடு பார்ப்பாய் என்று நான் கேட்டேன்.

"தெர்மாமீட்டர் வைக்கறதுக்குள்ள அது போயிடுது லா" என்றாய், நம் ஊர்ப் பேச்சின் 'லா'வை விடாமல். "சிதறின துண்டுங்கதான் நமக்குச் சொல்லணும்."

தடத்தின் நீளம் துண்டின் ஆற்றலைச் சொல்லும். பல துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவை புறப்பட்ட இடம் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம். இப்படி ஆயிரக்கணக்கான சிதறல்களை எண்ணி, மோதலின் பலத்தைக் கீழேயும் சூட்டை மேலேயும் வைத்து நீ ஒரு வரைபடம் போட்டாய். கோடு ஏறியது, பிறகு வளைந்து தட்டையாக ஓடியது. நீ அதைப் பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன்னால் என்னிடம்தான் காட்டினாய்.

ஒருத்தி எண்ணியதை இன்னொருத்தி தகட்டைத் திரும்பப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது நம் அறையின் வழக்கம். அப்போது எனக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. தகட்டைத் தொடவில்லை, அதை உன்னிடம் சொல்லவும் இல்லை. உன் நோட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டே நாளில் கணக்கை முடித்தேன். தடித்த தடத்துக்கான கட்டத்தில் நிறைய இடங்களில் நீ 'க' என்று எழுதியிருந்தாய். சந்தேகமான சிதறலுக்கு 'கழித்துவிடு' என்பதைச் சுருக்கி அப்படித்தான் பழைய நோட்டுகளில் எழுதுவாய். நான் எல்லாவற்றையும் கழித்துவிட்டேன். கோட்டின் முன்பாதி ஏற்றமே காணாமல் போனது. ஏற்றம் இல்லாமல் வளைவு எங்கிருந்து வரும்? மிஞ்சியது நாலு பக்கமும் சிதறிக் கிடந்த புள்ளிகள்தான்.

நீ தாளை வாங்கிப் பார்த்தாய். நீ வாதாடுவாய் என்று நினைத்தேன், பிடிவாதக்காரி ஆயிற்றே.

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாய்.

பேராசிரியரிடம் அந்த வரைபடம் போகவே இல்லை. அது இருந்த அத்தியாயத்தை உன் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டாய். மேலே படிக்கப் போகாமல் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாய். பல வருடம் கழித்து வேறு நாட்டில், நம் மைக்ரோஸ்கோப்பைவிட எத்தனையோ பெரிய கருவிகளோடு, அணுக்கருவின் சூடு ஏறாமல் நிற்கும் இடத்தைப் பார்த்ததாகச் செய்தி வந்தது. நீதான் போன் செய்தாய். "நிக்குது லா, பாத்தியா? நம்ம தகடுதான் சரியில்ல போல" என்று சிரித்தாய். நானும் ஆமாம் என்று சிரித்தேன்.

இப்போது உன் பச்சை நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். தடித்த தடத்துக்கான கட்டத்தில் ஒரு பக்கத்தில்கூட 1 என்ற எண் இல்லை. இரண்டு இருக்கிறது, மூன்று இருக்கிறது, ஒன்பது வரை எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அந்த இடத்தில் எல்லாம் 'க'. தமிழில் ஒன்று என்ற எண்ணும் 'க' மாதிரியேதான் இருக்கும். இருட்டில் அவசரமாக எழுதும் 1 வெறும் கோடாகிவிடுகிறது, பேராசிரியர் ஏசுகிறார், அதனால் ஒன்றை மட்டும் நாட்காட்டியில் போடுகிற மாதிரி தமிழில் எழுதப்போகிறேன் என்று நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். தேக்கா சந்தை மாடியில் தையல்காரர் என் நிச்சயதார்த்த ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாய். கழுத்து இறக்கம் எவ்வளவு வைப்பது என்ற யோசனையில் நான் தலையை ஆட்டினேன். நீ சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டேன். கழித்த ஒவ்வொரு 'க'வையும் 1 என்று எண்ணிச் சேர்த்தேன். பலம் குறைந்த மோதலில் தடித்த தடம் பெரும்பாலும் ஒன்றுதான் வரும், கோட்டின் ஏற்றம் முழுக்க அந்தச் சிதறல்களில்தான் இருந்தது. நீ வரைந்த இடத்திலேயே கோடு வளைகிறது.

உன் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் எப்பவோ நடந்ததும்மா, மனசுல வச்சுக்காத" என்றார். நல்ல மனிதர். ஆனால் மன்னிப்பது அவர் வேலை இல்லையே. உன் வாழ்க்கையை என் அவசரம் திசை திருப்பிவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமலே நீ போய்விட்டாய். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை.

உயிரோடு இருந்திருந்தால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாய். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். உன் கோபம் அவ்வளவுதான், எனக்குத் தெரியும். எட்டாம் நாள் நீயே வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய். அந்த ஒரு வாரத்தில்தான் நான் இப்போது தனியாக இருந்துகொண்டிருக்கிறேன். இதற்கு எட்டாம் நாள் இல்லை.