ஐந்து வருடச் சந்தா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதில் பாதியைத்தான் என்னால் எழுத முடியும். நீயும் மருமகளும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும், அது மட்டும் குறைவில்லாமல் நடக்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் கடையிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி போட்டாய், பிறகு மறந்துவிட்டாய். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, பேசியிருந்தால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன், சொல்ல வேண்டிய விஷயம் தொண்டைக்குள்ளேயே நின்றிருக்கும். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் கடையில் திரைத்துணி வெட்டும் மேஜைமேல் தாளை வைத்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் காலம் தாண்டிவிடும், கல்லாவில் இருக்கும் பெண் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கோழி கிளறியது மாதிரி இருக்கே அக்கா என்று என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், நீ பெரிதாக்கிப் படித்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை, வீட்டுக்காரர் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். உன் அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பால்கனி முழுக்க உங்கப்பாவின் கள்ளிச்செடிகள்தான், துணி உலர்த்தப் போனால் கையில் நாலு முள்ளோடுதான் உள்ளே வர முடிகிறது. இனி அவருடைய பாட்காஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். பெயின்ட் கம்பெனியில் நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்த மனிதர் ஓய்வு பெற்று வந்ததும் பேச ஆளில்லாமல் தவித்தார். நான் ஒருத்தி இருக்கிறேன், ஆனால் கள்ளிச்செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். படுக்கையறைச் சுவரலமாரியில் துணிகளை ஒதுக்கி, உள்ளே ஸ்டூல் போட்டு, நான் கடையிலிருந்து கொண்டுவந்த கனத்த துணிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, 'முள்ளோடு ஒரு மணி' என்று வாரம் ஒரு தடவை பேசிப் பதிவு செய்து இணையத்தில் போடத் தொடங்கினார். அந்த நேரத்தில் குழாயைத் திறக்கக் கூடாது, மின்விசிறி சுற்றக் கூடாது, எனக்குத் தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். கேட்டவர்கள் சில நூறு பேர் இருக்கும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று கேலி செய்வேன், சிரித்துக்கொள்வார். யாராவது சந்தேகம் எழுதிக் கேட்டால், எனக்குத் தெரியலைங்க, செடியை நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும் என்று கூசாமல் சொல்வார். அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்ததே அந்தத் தெரியலைங்கதான்.

போன தடவை நீ வந்திருந்தபோது இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஓசியில கிடைச்சா எவனும் மதிக்க மாட்டான்பா, இவ்வளவு உழைக்கறீங்க, கேக்கறவங்க ஒரு டீ காசாவது குடுக்கட்டுமே என்றாய். நியாயமான பேச்சுதான், இப்போதும் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். சினிமாவுக்குக் கொடுக்கிறார்கள், பேப்பருக்குக் கொடுக்கிறார்கள், என் வீட்டு மனுஷனின் தொண்டைத்தண்ணீர் மட்டும் என்ன இளப்பம் என்று எனக்கே தோன்றியது. அவர்தான் வேண்டாம் என்றார், காசு வாங்கிட்டா இது வேலையாயிடும்டா, வேலை பாத்து முடிச்சுட்டுத்தானே வீட்டுக்கு வந்திருக்கேன் என்றார். நீ காதில் வாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி அமைத்து, உன் கார்டை எடுத்து ஐந்து வருடத்துக்கும் சேர்த்துக் கட்டி, முதல் சந்தாதாரர் நான்தான் என்று அவர் தோளில் தட்டினாய். அவர் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

நீ ஊருக்குப் போன கையோடு கூட்டம் கலைந்தது. காசு என்றதும் கிட்டத்தட்ட எல்லோருமே போய்விட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கள்ளிச்செடிக்குத் தண்ணீரே எப்போதாவதுதான் ஊற்றுகிறோம், அதற்கு மாதச் சந்தாவா என்று நினைத்திருப்பார்கள். மிச்சமிருந்த ஒரு கைப்பிடிப் பேரும் முன்னைப்போல இல்லை. இந்த வாரம் சீக்கிரமே முடிச்சுட்டீங்களே என்று ஒருவர் எழுதினார், சொந்தக் கதை வேண்டாம், செடியைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று இன்னொருவர். கொடுத்தவனுக்கு உரிமை வருகிறது, வாங்கினவருக்குப் பயம் வருகிறது, நடுவில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பேச வேண்டியதை எழுதிவைத்துக்கொண்டு அலமாரிக்குள் போனார், வேர்த்துக்கொட்டி வெளியே வந்து, குறை ஏதும் இல்லையே என்று என்னைக் கேட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு பல் டாக்டரம்மா கேள்வி அனுப்பினார். அவருடைய கணவர் இறக்கும்வரை பார்த்துப் பார்த்து வளர்த்த செடியாம், அடித்தண்டு பழுப்பாகி வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பழைய மனிதராக இருந்தால் தெரியலைங்க என்றிருப்பார். காசு கொடுத்தவரிடம் எப்படித் தெரியாது என்பது என்று, அழுகலாகத்தான் இருக்கும், பழுப்புக்கு மேலே வெட்டி, காயவைத்து, புதுமண்ணில் நடுங்கள் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்தம்மா அப்படியே வெட்டினார். பிறகு போட்டோ வந்தது. அழுகலே இல்லை, வயதான கள்ளிக்கு அடியில் மரப்பட்டை மாதிரி பழுப்பேறுவது இயற்கையாம், உங்கப்பா அதைப் பார்த்த நொடியில் சொல்லிவிட்டார். வெட்டிய தண்டு வேர் பிடிக்காமலே சுருங்கிப் போயிற்று. அந்தம்மா திட்டக்கூட இல்லை, நன்றி, இனி எனக்கு இது தேவைப்படாது என்று மட்டும் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். திட்டியிருந்தால் இவர் பிழைத்திருப்பார்.

மறுவாரமே எல்லோருடைய காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்காஸ்ட்டை மூடுகிறேன் என்றார். உன்னுடையதைத் திருப்பத்தான் உனக்குப் போன் செய்தார், ஞாபகம் இருக்கிறதா? நீ என்னவோ அவசரத்தில், விடுங்கப்பா, வெச்சுக்குங்க, நீங்க பாட்டுக்குப் பேசுங்க என்றாய். நீ சும்மா சொன்னாய், அவர் அதைக் கட்டளை மாதிரி எடுத்துக்கொண்டார். ஒருத்தன் அஞ்சு வருஷத்துக்குக் குடுத்திருக்கான், நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது திருட்டு இல்லையா என்று என்னிடம் கேட்டார். பெத்த பிள்ளை கொடுத்ததற்கு என்ன கணக்கு என்றேன், பிள்ளைன்னா இன்னும் ஒழுங்காக் கணக்கு வெக்கணும் என்றார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் ஒரே ஒருவனுக்காக அலமாரிக்குள் போய்ப் பேசிவிட்டு வருகிறார். அந்த ஒருவன் நீ.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நீ கவனித்தாயோ இல்லையோ. அவர் குரல் கரகரத்துக்கொண்டே வந்தது, டாக்டரிடம் காட்டினோம், சோதனைக்கு எடுத்தார்கள், முடிவும் வந்தது. உனக்கு நான் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன், நானே சொல்லிட்டேன், நீ அழுது அவனைக் கலவரப்படுத்தாதே என்று தடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அப்பா குரல் என்னம்மா ஒரு மாதிரி இருக்கு, வெந்நீர் குடிக்கச் சொல்லு என்றாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விஷயம் தெரிந்தும் வெந்நீர் என்கிறானே, இவனை வயிற்றில் சுமந்ததற்கு ஒரு கல்லைச் சுமந்திருக்கலாம் என்று அடுப்படியில் நின்று சொன்னேன், மன்னித்துக்கொள். போன வாரம்தான் பொறுக்க முடியாமல், சொன்னேன்னு சொன்னீங்களே, அவன் என்னதான் பதில் சொன்னான் என்று கேட்டேன். ஒண்ணும் சொல்லல, நிகழ்ச்சியில சொன்னேன், கேட்டிருப்பான் என்றார்.

நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறார் தம்பி! மறுநாள் அவர் குளிக்கப் போனபோது நீ விட்டுப்போன பழைய டேப்லெட்டை எடுத்துத் தடவித் தடவித் திறந்தேன், அதில் உன் கணக்கு அப்படியே இருந்தது, காதில் மாட்டிக்கொண்டு தேடிப்பிடித்துக் கேட்டேன். தொட்டி ஓட்டை, மணல், சரளைக்கல் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார், தம்பி, போன்ல சொன்னா நீ பதறுவே, எனக்கும் சரியாச் சொல்ல வராது, தொண்டையில கட்டி, நல்ல கட்டி இல்லையாம், குரல்வளையை எடுத்துடணுங்கறாங்க, அப்புறம் பேச்சு வராது, நீ ஒரு நடை வர முடிஞ்சா வா, முடியலைன்னா பரவாயில்லை, சரி, அடுத்த வாரம் வேர் நெருங்கிப்போன செடிக்குத் தொட்டி மாத்தறதைப் பாப்போம் என்கிறார். நான் குளியலறைக் கதவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கல்நெஞ்சன் இல்லை, உனக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசு கொடுத்தாய், ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் செய்ததும் வினையாகிவிட்டது. யாராவது கேட்டால் அவருடைய போனில் தெரியுமாம். இத்தனை மாதமாக யாரும் கேட்கவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது, நீ காரில் போகும்போது கேட்பாய், அதெல்லாம் இதில் ஏறாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குத் தலையைத் துவட்டிக்கொண்டே போனைப் பார்த்தவர், துண்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்து காட்டினார். பாத்தியா, கேட்டுட்டான் என்றார். அது நான்தான் என்று சொல்லாமல், கீழே கிடந்த துண்டை எடுத்து உலர்த்தப் போனேன். அன்றிலிருந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். நீ கூப்பிடவில்லை. அழுதிருப்பான், மனசு தேறட்டும் என்றார் முதல் நாள். மறுநாள் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். இப்போது பேசினாலே வலிக்கிறது, என்னிடம் வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறார், இருக்கிற குரலை உனக்கென்று சேர்த்துவைத்திருக்கிறார். அறுவை சிகிச்சை அடுத்த வாரம். எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன், கழுத்தில் வேறு இடத்திலும் பரவியிருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. உனக்கு இருந்தால் வைத்துக்கொள், எனக்குக் கடன் கொடுக்க வேண்டாம்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம். வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் இதைப் பக்குவமாகச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே, நிகழ்ச்சியைக் கேட்காமலேயே அவருக்குப் போன் செய்து, கேட்டேன்பா என்று சொல்லிவிடாதே. அவர் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார், அப்படியே நம்பிவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா