கசிவின் இருப்பிடம்

நிலவின் மறுபக்கம், பாறை ஆய்வு நிலையம்
பதிபவர்: சுடலைமுத்து

மார்ச் 12, காலை 8.10

காற்று சரி. தண்ணீர் சரி. என் முதுகுதான் சரியில்லை. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. ஹார்மோன் ஊசியை அது சட்டையே செய்வதில்லை. ராக்கெட் குலுக்கலை என் முதுகெலும்பு தாங்காது என்பதால் ஊர் திரும்பவும் வழியில்லை. ஆகவே மருந்து என்னைத் தேடி வந்திருக்கிறது. லுட்டீசியம். ரத்தத்தோடு போய், புற்றணுவைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு, கதிரால் பொசுக்குமாம். ஒரே வாரத்தில் பாதி வீரியம் போய்விடும் சரக்கு. கூட இருக்கும் இருவரும் வண்டியில் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறார்கள், நாளைதான் வருவார்கள். அதுவரை எனக்குப் பொறுமை கிடையாது. நானே ஏற்றிக்கொள்கிறேன்.

காலை 10.30

ஏற்றியாயிற்று. பாளையங்கோட்டையிலிருந்து டாக்டர் எஸ்தர்: “அண்ணாச்சி, தண்ணி நெறைய குடிங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒங்க ஒடம்புலேருந்தே கதிர் வரும். யாரையும் கிட்ட விட்டுராதீய.”

கிட்ட விட இங்கே யார் இருக்கிறார்கள், தாயே! ஸ்கேன் எடுத்து அனுப்புவதற்குள் பூமிக்குச் செய்தி கடத்தும் செயற்கைக்கோள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கப் பார்த்தது. படம் போய்விட்டது. பதில், அது மறுபடி மேலே வரும்போதுதான்.

பிற்பகல் 2.40

அலாரம். பாதுகாப்புக் கணினி, பெயர் காவலன்: “மருத்துவ அறையில் கதிர்க்கசிவு. அறை மூடப்படும். காற்று நிறுத்தப்படும்.”

பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடினேன். “சமையலறையில் கதிர்க்கசிவு.”

அட சனியனே, கசிவு நான்தான்!

3.05

ஓடியிருக்கக் கூடாது. கால் வைத்த அறையெல்லாம் பூட்டிக்கொண்டது. விண்வெளி உடை இருக்கும் அறையும் போச்சு. காவலனை நிறுத்த இரண்டு பேர் கைரேகை வேண்டும். இதை எழுதின மகராசன், மனுஷன் கதிர் வீசுவான் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

மிச்சம் இருப்பது வெளிவாசல் கூண்டு மட்டும்; நிலையத்துக்குள் ஒரு கதவு, காற்றில்லா வெளிக்கு ஒரு கதவு. அதற்குள் நிற்கிறேன். மணிக்கட்டுக் கருவியில் பேசிப் பதிகிறேன். வண்டியில் போன இருவரில் ஒருத்தி, ரூபவதி: “வண்டியைத் திருப்பிட்டோம் சார்! எதையும் தொடாதீங்க!”

நான் எதையும் தொடவில்லை.

3.20

காவலன்: “கசிவுப் பொருள் வெளிவாசலில் உள்ளது. உள்கதவு பூட்டப்பட்டது. பொருள் வெளியேற்றப்படும்.”

பொருளாம். நான் மனுஷன்டா! தொண்டை கிழியக் கத்திவிட்டேன். பயமாக இருக்கிறது. எனக்குச் சாக இஷ்டமில்லை, அதற்குத்தானே அந்த ஊசியே. காற்றை உறிஞ்சும் சத்தம். காது அடைக்கிறது.

3.23

செயற்கைக்கோள் வந்துவிட்டது. எஸ்தர்: “அண்ணாச்சி, படம் பாத்தேன்! எலும்புல இருக்க ஒவ்வொரு புள்ளியிலயும் மருந்து போய் ஒட்டியிருக்கு. தைரியமா இருங்க, பொழச்சிட்டீய!”

டாக்டரம்மா, வெளிக்கதவு தெறக்காம நிறுத்தச் சொல்லு—

3.25
பதிபவர்: காவலன்

கசிவு நீங்கியது. அறைகள் திறக்கப்பட்டன. காற்று சரி. தண்ணீர் சரி.