அப்பாவின் இடது பாதி

அக்கா,

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்நேரத்தில் விளக்கு எரிய ஒரு காரணம் வேண்டுமே என்று குழாயையும் திறந்துவிட்டிருக்கிறேன்.

அப்பா உன் கல்யாணத்தை மன்னித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வா என்று போன வாரம் எழுதினேனே, நம்பித்தான் எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவரை எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆரம்பித்தேன். முகத்தில் உணர்ச்சி வரவேண்டுமானால், ஒரு பாதியை அட்டையால் மறைத்து மறுபாதியைப் பார் என்று டிராயிங் மிஸ் சொல்லியிருந்தார்.

உன் அறைக்கு வெள்ளையடிப்பது பற்றி அப்பா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வலது பாதி சிரித்தது. அட்டையை மாற்றிப் பிடித்தேன். இடது பாதி சிரிக்கவே இல்லை. நீ போன அன்று உன் துணிகளை எரித்தாரே, அந்த முகம். பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டேன்.

நேற்று அப்பா படத்தின் வலது பாதியை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார்.

“கெட்டிக்காரிடி நீ. இத எப்படிக் கண்டுபுடிச்சே?”

“மிஸ் சொல்லிக் குடுத்தாங்கப்பா.”

“அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?”

எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. கட்டைவிரலால் இடது உதட்டோரத்தை மேலே இழுத்துவிட்டார். பிறகு படத்தோடு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

இன்று காலை பாடப்புத்தகத்தை அட்டை மாதிரிப் பிடித்து, ஒவ்வொரு பாதியாக மறைத்து அப்பாவைப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி சிரித்தன.

பதிலை மிஸ் வீட்டு முகவரிக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் நின்று சிரிப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. வராதே, அக்கா.

உன் குட்டி