பக்கெட்டில் பெயர் எழுதிக்கொள்

ஸ்மிதா,

தீசிஸ் கைடைப் பார்க்கப் போகிறேன். நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது வீட்டில் இருக்கமாட்டேன். உப்புமா மூடி வைத்திருக்கிறது, சாப்பிடாமல் போகாதே.

எம்.ஏ. படித்த காலத்தில் ஹாஸ்டலில் இருந்தவள் சொல்கிறேன். முதல் வாரத்து அன்பை நம்பாதே. மெஸ்ஸில் முதல் நாள் வரும் பனீர், கொண்டுவிட வந்த பெற்றோருக்காகச் சமைத்தது. பக்கெட்டில் நெயில் பாலிஷால் பெயர் எழுதிக்கொள். "ரெண்டே நிமிஷம்" என்று சார்ஜரை வாங்குகிறவள் கூடவே போ. மிளகாய்ப்பொடி டப்பாவைத் துணிகளுக்கு அடியில் வை. வாசனைக்கே கதவைத் தட்டுவார்கள்.

இனி, உன்மீதான சந்தேகம். பக்கத்துத் தேவ்நாரில் இருக்கும் உன் கல்லூரிக்கு நம் செம்பூர் வீட்டிலிருந்தே போய்வரப் பஸ் இருக்கிறது. பிறகு ஹாஸ்டல் எதற்கு? "நீ இந்த ரூம்ல இருக்கற வரைக்கும் என் தீசிஸ் முடியாது" என்று நான் கத்திய மறுநாளே விண்ணப்பித்தாய். கேட்டதற்கு, "ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா இருக்கலாம்க்கா" என்றாய். எழுதியவர் சொல்வதை அப்படியே நம்பாமல் படிப்பது என் படிப்பு. உன் வாக்கியத்தையும் நான் நம்பவில்லை. இன்று காலை மேசையில் உன் பக்கம் துடைத்துக் காலியாக இருந்தது. உன் டேபிள் லேம்ப் என் பக்கம் நின்றது.

லேம்ப்பை உன் பையிலேயே வைத்துவிட்டேன். உன் பக்கத்தில் என் புத்தகம் ஒன்றுகூட வராது. நம்பாவிட்டால் சனிக்கிழமை வந்து பார்.

அக்கா

பி.கு. வீட்டுச் சாவியை ஷூ ஸ்டாண்டில் விட்டுப் போவாய் என்றும் சந்தேகம். எடுத்துக்கொண்டு போ. பெல் அடித்தால் திறக்கமாட்டேன்.