இரண்டு பேர் லெப்ட்

1781, புரட்டாசி 4
கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இரண்டு மாதம். இன்று இங்கிலீஷ் கேப்டன் என்னைத் துபாசியாக வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பதினான்கு வருடம் ஒல்லாந்தரிடம் எழுத்து வேலை பார்த்தவனுக்கு அவர்கள் பாஷைதான் தெரியும். இரண்டிலும் பாதிச் சொல் ஒன்றுபோல இருக்கிறது. மீதியைச் சமாளிக்கலாம். சமாளிக்கலாமா?

புரட்டாசி 9
லெப்ட் என்றால் இடது. சிப்பாய்களின் கவாத்தில் கற்றது. ‘கப்பல் லெப்ட்’ என்றால் கப்பல் போய்விட்டது. எப்படி ஒரே சொல்? கேட்டால் குட்டு வெளிப்படும். கேட்கவில்லை.

புரட்டாசி 17
ஐந்து நாளாகப் புயல். கோட்டைச் சரக்கோடு படகில் சென்னப்பட்டணம் கிளம்பிய கோட்டைக்குப்பத்து ஆறு பேரைப் பற்றித் தகவல் இல்லை.

புரட்டாசி 18
எண்ணூரிலிருந்து இங்கிலீஷில் கடிதம். படகு உடைந்துவிட்டது. ‘இரண்டு பேர் லெப்ட் - தருமன், முனியன்.’ குப்பத்தில் போய்ச் சொல் என்று கேப்டன் கடிதத்தை நீட்டினார். போனேன். அந்த இருவரும் போய்விட்டார்கள், மற்ற நாலு பேர் பிழைத்தார்கள் என்றேன். தருமன் பெண்டாட்டி நாகம்மாள் மணலில் விழுந்து புரண்டாள். பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி அவளைத் தாங்கிக்கொண்டே, "எங்க ஊட்டுக்காரு நல்லா கீறாரா, மரைக்காரே?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன்.

புரட்டாசி 21
கிடங்கில் கேப்டன் அரிசி நிலவரம் கேட்டார். ‘பத்து மூட்டை லெப்ட்’ என்றான் வெள்ளைக்கார எழுத்தன். மூட்டைகள் எங்கும் போகவில்லை. கண்ணெதிரே கிடக்கின்றன.
அவனுக்கு ஒல்லாந்தர் பாஷை தெரியும். தனியாகக் கேட்டேன். விட்டுப் போனவனும் லெப்ட், அவன் போனபின் மிஞ்சி இருப்பவனும் லெப்ட் என்றான். இடது கைக்குச் சொல்வது வேறு வேராம், பலமில்லாதது என்று அர்த்தமாம்.
அப்படியானால் தருமனும் முனியனும்தான் மிஞ்சியவர்கள். அந்த நாலு பேர்?
யா அல்லா, இன்னா பண்ணிட்டேன் நான்.

புரட்டாசி 22
போகவில்லை. கைருன் பீவி தட்டை வைத்துவிட்டு, "நீங்க போவலைன்னா அந்தப் பொம்பளைங்க இன்னிக்கும் சோறாக்கிக் காத்துக்கினு இருப்பாங்க" என்றாள். என் மனைவிக்குத் தெரிகிறது. எனக்கு?

புரட்டாசி 23
போனேன். முதலில் நாகம்மாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தெய்வநாயகி வீட்டைத்தான் பார்த்தாள். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.
தெய்வநாயகி கடைசிவரை கேட்டாள். "அன்னிக்கு நல்லா இருக்கார்னு சொன்னீங்களே?"
"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா."
இன்னும் மூன்று வீடுகள். எழுத முடியவில்லை.

புரட்டாசி 24
கேப்டனிடமும் சொல்லிவிட்டேன். வேலை போயிற்று.

ஐப்பசி 6
தருமன் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். பின்னால் தெய்வநாயகி. இறந்தவர்களின் நாலு வீட்டுக்கும் அரிசி கேட்டுக் கோட்டைக்கு மனு எழுத வேண்டுமாம். வேறு ஆளைப் பார் என்றேன்.
"தமிழ்லயே எழுதுங்க" என்றாள் தெய்வநாயகி. "அங்க யாரு வேணா இங்கிலீஷ்ல மாத்திக்கட்டும். எனக்குப் புரியணும்."
எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். தன் புருஷன் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.
"இன்னொரு வாட்டி படிங்க."
படித்தேன்.