உத்தனப்பள்ளிக்கு மேலே பறக்கும் விமானம் திருச்சி சேர எத்தனை நிமிடம்?

அனுப்புநர்:
ஜெ. ஜெபசீலி, உதவி ஆசிரியை,
ஆரம்பப் பாடசாலை, உத்தனப்பள்ளி,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
விமான நிலைய அதிகாரி அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பெங்களூர் – திருச்சி ஆகாய தூரம், பறக்கும் நேரம் ஆகியவற்றை எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெங்களூரிலிருந்து திருச்சிக்கு வருவதாக நாங்கள் அறிந்துள்ள விமானம், காலை ஒன்பதேகால் மணியளவில் எங்கள் பள்ளிக்கு மேலே செல்கிறது. சென்ற ஆனி மாதம், பள்ளியை ஒட்டிய நிலத்தில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்த முனிலட்சுமி என்பவர் வேலிக்கு வந்து, “டீச்சரம்மா, பஸ்ஸுல பொழுதுக்கும் போற ஊருக்கு இது எத்தினி நேரத்துல போவும்? மேல ரோடு வளையாதுல்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

2. பூகோளப் படத்தில் நூல் வைத்து அளந்தேன். பெங்களூர் – திருச்சி ஏறக்குறைய 165 மைல். அதில் உத்தனப்பள்ளி வரை 27. நேரம் அறிய, திருச்சி விமான நிலையத்தருகே சைக்கிள் கடை வைத்திருக்கும் என் அண்ணன் பாக்கியராஜுக்குக் கார்டு எழுதினேன். என் திருமணத்தை அவர் ஏற்காததால் ஆறு ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் அவ்வூரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது.

3. நலம் விசாரிக்காமல், விமானம் இறங்கிய நேரத்தை மட்டும் எழுதி அவர் தினமும் கார்டு போட்டார். நான் தபால் அலுவலகக் கடிகாரத்தையும், அவர் ரயில் நிலையக் கடிகாரத்தையும் வைத்து நேரம் குறித்தோம். பத்து நாட்களில் ஒன்பது நாள், இங்கே கடந்ததற்கும் அங்கே இறங்கியதற்கும் வித்தியாசம் 55 நிமிடம், ஒன்றிரண்டு கூடக்குறைய. இதையே ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமாக நடத்தினேன்.

4. ஜூலை 12-ஆம் தேதி மட்டும் 78 நிமிடம். அன்றைய கார்டில் அண்ணன், “இங்கே பலத்த மழை. நீ அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய் என்று நானும் நனைந்தபடி நின்றேன்” என்று எழுதியிருந்தார்.

5. இம்மாதம் 6-ஆம் தேதி பள்ளித் தணிக்கையின்போது விமானச் சத்தம் கேட்டது. வழக்கம்போல் வகுப்பு முழுவதும் சிலேட்டுடன் வெளியே ஓடியது. தணிக்கைக்கு வந்தவர், “இதெல்லாம் யார் சொன்ன கணக்கு?” என்று வினவினார். “நாங்களே பார்த்த கணக்கு, ஐயா” என்றேன். “ஆசிரியை ஊகத்தைப் பாடமாக்குகிறார்” என்று வருகைப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ஒரு மாதத்துக்குள் ஆதாரம் காட்டாவிடில் ஐந்தாம் வகுப்பு வேறொருவருக்குத் தரப்படும் என்றும் கூறப்பட்டது. அன்று பிள்ளைகள் முன் தலை குனிந்து நின்றதை மறக்க இயலவில்லை.

6. ஆகவே, சரியான தூரத்தையும் நேரத்தையும் தாங்கள் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். என் கணக்கில் பிழையிருப்பின் அதையும் குறிப்பிடுங்கள். வகுப்பில் நானே திருத்திச் சொல்வேன். மழையன்று விமானம் சுற்றி வந்ததா, மேலேயே காத்திருந்ததா என்பதையும் தெரிவித்தால் முனிலட்சுமியும் நானும் மகிழ்வோம்.

7. பதிலை நேரில் பெற்றுக்கொள்ள என் அண்ணன் தங்கள் அலுவலகத்துக்கு வருவார். அதைத் தபாலில் அனுப்பாமல் தாமே கொண்டு வருவதாக எழுதியிருக்கிறார். திருச்சியிலிருந்து உத்தனப்பள்ளிக்கு பஸ்ஸில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

உத்தனப்பள்ளி,
19-8-1957.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெ. ஜெபசீலி