அப்பாவின் வயிற்றுக்கு ஒரு கடிதம்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்ன மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். அங்கே எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனம் வரவில்லை. நீங்கள் நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். கையெல்லாம் பெயின்ட் என்பதால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டால், பக்கத்துச் சாரத்தில் நிற்கிறவர் "சாப்டாரும்மா, ரெண்டு தடவை" என்று பதில் சொல்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், இந்தா அம்மாகிட்ட பேசு" என்பதோடு சரி. அதனால் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தன் வேனுக்கு ஏதோ உதிரிச் சாமான் வாங்க வந்தவர் மதியம் கிளம்புகிறார். நாளைக் காலை வேலையிடத்துக்கே வந்து உங்கள் கையில் கொடுப்பார். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

மாமா என்னைப் பார்த்ததும் முதலில் உங்கள் கதையைத்தான் ஆரம்பித்தார். "உங்கப்பா வெள்ளை அடிச்சு அடிச்சு சுவர் மாதிரியே வெளுத்துட்டார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணியில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறீர்களாம். மத்தியானம் எல்லாரும் எழுந்த பிறகும் சுவரில் சாய்ந்தே இருக்கிறீர்களாம்.

உங்களுக்கு மேல்வயிறு எரிகிறது என்று அம்மா சொல்ல ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. முதலில் சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் நன்றாக இருந்தது என்றாள். பிறகு இஞ்சிச் சாற்றில் தேன். தெருமுனை இஸ்திரிக்காரர் ஓமத்தை வறுத்து மென்று வெந்நீர் குடிக்கச் சொன்னார். உங்களோடு வேலை செய்யும் தச்சர், சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் ஒரே ஏப்பத்தில் எல்லாம் போய்விடும் என்றார். குடித்தீர்கள். ஏப்பம் வந்தது, எரிச்சல் போகவில்லை. அக்கா ஆறின பால் என்றாள். இப்போது மோரும் வாழைப்பழமும் நடப்பதாகக் கேள்வி. இருப்பது ஒரு வயிறு, அதற்கு ஊர்ப்பட்ட வைத்தியர்கள்.

நான் கேலி செய்யவில்லை அப்பா. பரீட்சை நாட்களில் என் வயிறு கலக்கும்போதெல்லாம் அம்மாவின் சீரகத் தண்ணீர்தான் என்னைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃப்ளாஸ்கிலிருந்து அதைத்தான் ஊற்றிக் குடிக்கிறார். "வயிறு உப்புசம், அஜீரணம், கண்டதைத் தின்னது, இதுக்கெல்லாம் கைமருந்து போதும். நாலு நாள்ல அடங்கலைன்னா அது அஜீரணம் இல்ல, என்கிட்ட வரணும்" என்பார்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. டாக்டரம்மாவின் மேசை ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர். அவர் கேட்பதையும் நோயாளி சொல்வதையும் டைப் அடிப்பேன். காலையிலிருந்து மாலைவரை நான் பேசுவது பத்து வார்த்தை இருக்கும். ஆனால் எல்லாம் காதில் விழும். போன மாதம் ஒரு வெல்டர் வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு, முகத்தில் இரத்தமே இல்லை. டாக்டரம்மா உடனே கேட்டது, "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" முதுகு வலிக்கு ஆறு மாதமாகத் தினமும் சாப்பிடுகிறேன் என்றார். வெறும் வயிற்றில் தினமும் போட்டால் அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடுமாம். நான் டைப் அடித்தேன். அடுத்த ஆளின் பெயரை அடிக்கப் போய்விட்டேன்.

இன்று காலை டீ குடித்துக்கொண்டே மாமா சொன்னார். "உன் மாத்திரைதான் அவரை ஓட்டுது. காலைல ஏணி ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. யாருக்குத் தோள் வலின்னாலும் பாக்கெட்லேருந்து எடுத்து, எம்பொண்ணு மாத்திரைன்னு ஒண்ணு குடுப்பார்." என் டீ அப்படியே ஆறிப்போனது.

அப்பா, வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறையில் நான் வந்தபோது, கூரைக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து தோள் வலியில் உங்களால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. நான்தான் மருந்துக்கடைக்குப் போய் அந்த வலி மாத்திரை அட்டையை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் கொடுத்தது என்று தெருவுக்கே காட்டினீர்கள். நான் படித்தது கணிதம். சாப்பிட்ட பிறகு போடுங்கள், மூன்று நாளோடு நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். மனதுக்குள் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்குப் போய் நான் சொல்லித் தருவதா என்று கூச்சமாக இருந்தது. நீங்களும் கேட்கவில்லை. படித்த பெண் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். இப்போது பாருங்கள், என் மாத்திரை ஒரு பக்கம் கிழிக்கிறது, அம்மாவின் கைமருந்து இன்னொரு பக்கம் தைக்கப் பார்க்கிறது. அது எப்படி ஆறும்?

மூன்றாம் பக்கம் வந்துவிட்டது. கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. வெல்டரிடம் டாக்டரம்மா இரண்டாவதாகக் கேட்ட கேள்வி இது. நான் தினமும் யோசிக்காமல் டைப் அடிக்கும் கேள்விதான்.

காலையில் கழிப்பறைக்குப் போகும்போது கறுப்பாகப் போகிறதா?

எழுதிவிட்டேன். முகமெல்லாம் சூடாகிறது. கொஞ்சம் கருமையாக இருப்பதைக் கேட்கவில்லை. நிறம் பார்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை, வெள்ளையிலேயே ஏழு வெள்ளை சொல்வீர்கள். மொட்டை மாடிக்கு அடிக்கிற தார் மாதிரி, அந்தக் கறுப்பு, அந்தப் பிசுபிசுப்பு. அப்படி இருந்தால் உள்ளே புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். இல்லை என்றால், இன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஆமாம் என்றால், மாமாவைக் கிளம்ப விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடு என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பாதிச் சுவரை முடித்துவிட்டு என்றெல்லாம் வேண்டாம். பெயின்ட் கையோடு போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பயப்படாதீர்கள். அந்த வெல்டர் போன வாரம் மறுபடி வந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. எப்போது காரமாகச் சாப்பிடலாம் என்று டாக்டரம்மாவை ஒரே நச்சரிப்பு. நேரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் திரும்பிப் போகிறார்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஸ்பீக்கரில் போட்டே திட்டுங்கள். முதலில் போய்விட்டு வாருங்கள் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகள்


ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையில் ஊசியைச் செருகி வைத்திருக்கிறார்கள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அம்மா போனில் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். எட்டு நாளாக அப்படித்தான். தார்தான், சந்தேகமே இல்லை. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அழுவாள். சாரத்தில் சொன்னால் வருஷம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சாப்பாட்டில் ஏதோ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு இந்தக் கூச்சம் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

உன் மாமனிடம் வண்டியை எடு, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றேன். "யாருக்கு அத்தான்?" என்றான். எனக்கு என்றதும் சாவியைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது ஒன்றும் நல்ல அனுபவம் இல்லை. உள்ளே புண் இருக்கிறதாம். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். அறுக்க வேண்டாம், மருந்திலேயே ஆறிவிடும் என்கிறார் டாக்டர். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நேற்றிலிருந்து எரிச்சல் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், சுவர் நிறம் போய் மனுஷ நிறம் வருகிறது. சீரகத் தண்ணீர் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். புண் ஆறட்டும், பிறகு தாராளமாக என்றார் டாக்டர். அதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். நான் மாத்திரை கொடுத்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டேன். தச்சர் பயந்துபோய் அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனாராம்.

மாத்திரை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நானே கடையில் வாங்கினேன் என்றேன். பொய் இல்லை. ஒரு அட்டை தவிர மற்றதெல்லாம் நான் வாங்கியதுதானே? சரி, இங்கே வரச் சொன்னது யார் என்று கேட்டார். அதற்கு மட்டும் உன்னைச் சொன்னேன். கட்டிலைச் சுற்றி நின்ற சின்ன டாக்டர்களுக்கும் சேர்த்து, சத்தமாகவே சொன்னேன்.

கடிதத்தில் ஒரே ஒரு குறை. அவசரமான கேள்வியைக் கொண்டுபோய் மூன்றாம் பக்கத்தில் வைத்திருக்கிறாய். இனிமேல் என்னிடம் எதைக் கேட்பதென்றாலும் முதல் வரியிலேயே கேள். நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும்.

அப்பா